வேலாயுதம் ஐயாவின் இடது கன்னம்

இந்த மலரில் என் பெயரைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கே வருகிறது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குப் போனால் கதவோரமாகவே நின்று, யாராவது கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போவேன். அப்படிப்பட்டவள், பாதர்மாரும் டீச்சர்மாரும் எழுதுகிற புத்தகத்தில் சவரச் சோப்பைப் பற்றி எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திவிடுங்கள். நடந்ததில் எதையும் திருத்த வேண்டாம்.

எழுதச் சொன்னது நிரோஷா. நான் ஓய்வு பெற்ற பிறகு இல்லத்தில் என் வேலையைப் பார்க்கிறவள். என்னைப் பார்க்க வந்திருந்தபோது போனில் ஒரு படம் காட்டினாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இரண்டு மூன்று விதமான சவரச் சோப்பை ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, நுரையை மலை மாதிரி எழுப்பிக் காட்டுகிறார். "அக்கா, நீங்க வருசக் கணக்கா செஞ்சதத்தான் இவரு செய்றாரு. எத்தன பேரு கை தட்டியிருக்காங்க பாருங்க" என்றாள். இப்போது இல்லத்தில் டப்பாவை அமுக்கினால் நுரை வருகிறது. அதனால் என் கோப்பையை யாரும் எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கோப்பையை வைத்து ஒருநாள் காலையில் நடந்ததை நிரோஷாவுக்குச் சொன்னேன். அவள் எழுதுங்க என்று பிடிவாதமாக நின்றாள்.

எங்கள் இல்லம் கித்துல்கல பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது. கன்னியர் நடத்துகிறார்கள். ஆதரவில்லாத வயதான ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள். கிறிஸ்தவ வேதக்காரர், சைவர், சிங்கள ஆட்கள் எல்லாரும் உண்டு. நான் அங்கே வருவதற்கு முன்பு பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். இல்லத்துக்கு வந்தது துணி துவைக்க. மாதம் இரண்டு தடவை டவுனிலிருந்து வந்துகொண்டிருந்த சலூன்காரர் வராமல் நின்றுபோனார். கிழவர்களின் முகமெல்லாம் முள்ளாகிவிட்டது. அப்போது பொறுப்பாக இருந்த சிஸ்டர் மெட்டில்டா என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ரீட்டா, நீ பால் வெட்டுனவதானே?"

"ஆமாங்க சிஸ்டர்."

"மரத்துக்குக் காயம் படாம வெட்டுவியா?"

"வெட்டுவேங்க."

"ஹரி. மனுசனுக்கும் அப்படித்தான்."

ஹரி என்றால் சிங்களத்தில் சரி என்று அர்த்தம். ரப்பர் மரம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பால் வெட்டும்போது பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் உள்ளே போனால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். பிறகு அங்கே பால் வராது. என் கைக்கு அந்த அளவு தெரியும் என்று சிஸ்டர் நினைத்தார். முதலில் நீற்றுப்பூசணிப் பிஞ்சில் பழகினேன். அதன் மேலே பூனை முடி மாதிரி சுணை இருக்கும். சோப்புத் தடவி, தோலில் கோடு விழாமல் சுணையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பூசணிகளையெல்லாம் சமையல் பாக்கியம் அக்கா பிறகு கறியாக்கினார். சாப்பாட்டு மேசையில் "இன்னிக்கு யாருக்குச் சவரம் பண்ணுன கறி இது?" என்று கேட்டுக் கேட்டு என்னைத் தலைநிமிர விடமாட்டார்கள்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். இல்லத்தில் எதையும் காசு கொடுத்து வாங்குவது குறைவு. பிறந்தநாள், நினைவுநாள் என்று வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் சவரச் சோப்பும் இருக்கும். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. குச்சிச் சோப்பு, டியூப்பில் வரும் கிறீம், வட்டமாகக் கிண்ணத்தில் வரும் சோப்பு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாதி பாவித்துவிட்டுக் கொடுத்தது, எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பாவித்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தது. குச்சிச் சோப்பு நன்றாக வழுக்கும், ஆனால் ஒரு கன்னம் முடிவதற்குள் காய்ந்து வெடித்துவிடும். டியூப் கிறீம் பொங்கிக்கொண்டு வரும், ஆனால் உள்ளே வெறும் காற்று, பிளேட் தோலில் உரசும். வட்டச் சோப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஆனால் நுரை எழும்ப நேரமாகும். கிழவர்களின் தோல் தொட்டாலே மடியும். அதற்கு மூன்று குணமும் ஒன்றாக வேண்டும்.

அதனால் கலக்கத் தொடங்கினேன். காரட் சீவுகிற தட்டில் குச்சிச் சோப்பையும் வட்டச் சோப்பையும் சீவி, கோப்பையின் அடியில் அழுத்துவேன். மேலே பட்டாணி அளவு கிறீம் வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி ஊறவிடுவேன். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அதை முகத்தில் தடவினால் முடி இளகிவிடும். பிறகு பிரஷ்ஷை அடியில் அழுத்தாமல் சுற்றி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், மினுமினுவென்று தயிர் மாதிரி ஒரு நுரை வரும். முதல் முகத்திலிருந்து கடைசி முகம் வரை காயாது. கிழவர்கள் அதற்குக் கூட்டு என்று பெயர் வைத்தார்கள். "இன்னிக்கு என்னா கூட்டு புள்ள, வாழக்காயா, பயத்தங்காயா?" என்பார்கள்.

சிஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கையை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை கண் இமைக்கமாட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் தனி ரேசர். பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். அதை எண்ணிப் பார்ப்பார். சவரம் முடிந்தவர் கன்னத்தில் புறங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். உள்ளங்கைக்குச் சொரசொரப்பு தெரியாது, புறங்கைக்குத்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. கூட்டைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு மொகத்துக்கு ஒரு சோப்பு, ரீட்டா. நாளைக்கு ஒருத்தருக்குத் தோல் தடிச்சா, எந்தச் சோப்புன்னு நான் டாக்டருக்குச் சொல்றது?"

அன்றைக்கே கூட்டை நிறுத்தினேன். ஆனால் மறுபடியும் ஒற்றைச் சோப்பில் போட்டபோது கிழவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு ஒரு ஏற்பாடு செய்தார். புதிதாக ஒரு சோப்பைக் கலப்பதென்றால் முதலில் என் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் விட வேண்டும். தடிக்காவிட்டால் மட்டும் சேர்க்கலாம். என்றைக்காவது கூட்டால் ஒரு ஆளுக்குக் கேடு வந்தால் கூட்டும் இல்லை, எனக்குச் சவர வேலையும் இல்லை. "ஹரித?" என்று கேட்டார். சரிங்க என்றேன்.

இப்போது வேலாயுதம் ஐயாவைச் சொல்ல வேண்டும்.

அவர் ரப்பர் ஸ்டோரில் கங்காணியாக இருந்தவர். வெட்டிக்கொண்டுவரும் பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, தகடாக அழுத்துகிற இடம்தான் ஸ்டோர். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தாடி ஆகாது. பால் தெறித்து முடியில் காய்ந்தால் முடியோடுதான் பிடுங்க வேண்டும். அதனால் ஐயா வாலிப வயதிலிருந்து தினமும் விடியற்காலையில் சவரம் செய்து, அதற்குப் பிறகுதான் வாயில் எதையும் வைப்பார். இல்லத்துக்கு வந்தும் அதை விடவில்லை. என் வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவர்தான்.

அவருக்கு இருதய வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு குளிசை மாத்திரை கொடுத்தார்கள். அதைக் குடிப்பவருக்கு வெட்டுப்பட்டால் இரத்தம் இலேசில் நிற்காது. அவருடைய இடது தாடைக்குக் கீழே மிளகு அளவில் மூன்று மருக்கள் வேறு இருந்தன. எல்லாவற்றுக்கும் யோசித்துத்தான், நன்கொடையாக வந்த சவர மெஷினைச் சிஸ்டர் அவருக்கு ஒதுக்கினார். நான் லீவில் இருந்த ஒருநாள் அந்த மெஷின் ஒரு மருவைக் கவ்விவிட்டது. துவாய் துவாயாக மாற்றியும் நிற்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்தினார்கள். திரும்பி வந்ததும் சிஸ்டர் மெஷினையும் அவருடைய ரேசரையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இனி அவருக்குச் சவரம் இல்லை.

தாடி வளர்ந்தது. ஐயா முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு காலைச் சாப்பாட்டைத் தள்ளினார். பிறகு மதியச் சாப்பாட்டையும் தள்ளினார். கடைசியில் வெறும் பிளேன்டீயோடு நின்றுவிட்டார். பிடிவாதம் என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் அவர் யாரோடும் கோபமாக இருக்கவில்லை. "மொகம் இப்புடிக் கெடக்கயில தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது புள்ள" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த நாட்களில் விடாத மழை. எங்கள் மேட்டுக்குக் கீழே வளைவில் மண் சரிந்து, பாதையில் பாதியையும் தண்ணீர்க் குழாயையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. வாகனம் எதுவும் மேலே வர முடியாது. தண்ணீர்த் தாங்கி காலியாகிவிட்டது. தோட்ட வேலை பார்க்கிற சுனில் மட்டும் மழைக்குள் நடந்து, ரப்பர் ஸ்டோரிலிருந்து நீலக் கேன்களை வாங்கி, ஊற்றில் தண்ணீர் பிடித்துக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான்.

அன்று காலையில் சிஸ்டர் போனில் டாக்டரோடு பேசினார். பேசி முடித்ததும் நேரே வேலாயுதம் ஐயாவின் கட்டிலுக்கு வந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சாப்பிடாமல் அந்தக் குளிசையைக் குடித்தால் இரத்தம் இன்னும் இளகிப்போகுமாம். குளிசையை நிறுத்தினால் இருதயத்துக்கு ஆபத்தாம். இன்றைக்கே அவர் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிஸ்டர் அதை அப்படியே ஐயாவிடம் சொன்னார்.

"சவரம் பண்ணிவிடச் சொல்லுங்க. சாப்புடுறேன்" என்றார் ஐயா.

"வெட்டுப்பட்டா?"

"பட்டா படட்டுங்க."

"பட்டா நான் எங்க கொண்டுபோறது? ரோடு இல்ல."

"அப்ப சோறும் இல்லங்க சிஸ்டர்."

அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"ரீட்டா, முடியுமா?"

கண் இமைக்காமல் நின்றார். முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. "கோப்பைய எடுத்துக்கிட்டு வாறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

சிஸ்டர் அலுமாரியைத் திறந்து ஐயாவின் ரேசரை எடுத்துத் தந்தார். வராந்தாவில் வெளிச்சமான இடத்தில் ஐயா உட்காரக் கதிரை போட்டோம். மருக்கள் உள்ள முகத்துக்கு வழக்கமான தடித்த நுரை உதவாது. அது மருவை மூடிவிடும், பிளேட் எங்கே போகிறது என்று தெரியாது. வழுக்கல் இருக்க வேண்டும், ஆனால் அடியில் தோல் தெரிய வேண்டும். அதனால் குச்சிச் சோப்பைக் கூடப் போட்டேன். கிறீமைக் குறைத்தேன். ஐயாவுக்குப் பிடித்த மெந்தோல் சோப்பில் ஒரு சீவல். அந்த வாரம் யாரோ கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டு வட்டச் சோப்பிலும் ஒரு சீவல். அது தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும் சோப்பு. முதல் நாள்தான் என் முழங்கையில் தடவிப் பார்த்திருந்தேன், தடிக்கவில்லை. சிஸ்டர் கோப்பையை வாங்கி மூக்கருகே பிடித்தார். "புதுசு இதுக்குள்ள இருக்குதா?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். அவர் முகம் மாறியது. ஆனால் கோப்பையைத் திருப்பித் தந்தார்.

கேத்தலில் முதல் நாள் மிஞ்சிய தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அதைச் சூடாக்கி நுரை எடுத்தேன். வலது பக்கத்தை முதலில் போட்டேன். அந்தப் பக்கத்தில் மரு இல்லை. புது பிளேட். ரேசரின் பாரத்துக்கு மேல் ஒரு துளிகூட அழுத்தாமல், விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தேன். தாடியை முதலில் கத்தரிக்கோலால் வெட்டிக் குறைத்திருந்தபடியால் பிளேட் தடங்கலில்லாமல் போனது. சிஸ்டர் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் மூச்சுவிடும் சத்தம் மழைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. வலது பக்கம் முடிந்தது. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

கேத்தல் காலியாகிவிட்டது. வராந்தா ஓரத்தில் சுனில் இறக்கிவைத்த நீலக் கேனில் இருந்து நிரப்பிச் சூடாக்கினேன். அதே கோப்பையில் தண்ணீர் சேர்த்து, பிரஷ்ஷைச் சுற்றி, இடது கன்னத்திலும் தாடைக்குக் கீழும் தடவினேன். ரேசரை எடுத்துத் தாடையின் கீழே வைத்தேன். முதல் மருவுக்கு அரை விரல் முன்னால் பிளேட் இறுகி நின்றது.

வழுக்கல் இல்லை. கையை அப்படியே நிறுத்தினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் இருந்த நுரை அடங்கியது. வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் பிரிந்து, நடுவில் வெறும் தண்ணீர் வழிந்தது. ரேசரை நேராக மேலே தூக்கி எடுத்தேன். கோப்பையைப் பார்த்தால் அதிலும் அப்படியே. பிரஷ்ஷின் முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்ன அது?" என்றார் சிஸ்டர்.

"தெரியலங்க."

"புதுச் சோப்பு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நான்தான் கலந்தேன். இதோ ஒரு ஆளுக்குக் கேடு வந்துவிட்டது. பாதி முகத்தில் தாடி, எதிரே மரு, வெளியே ரோடு இல்லை.

"எரியுது புள்ள" என்றார் ஐயா.

துவாயால் ஒற்றி எடுத்தேன். கூட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேறு கோப்பையில் பச்சைக் குச்சிச் சோப்பை மட்டும் சீவிப் போட்டேன். அந்தச் சோப்பு என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. கேத்தல் தண்ணீரை ஊற்றிப் பிரஷ்ஷைச் சுற்றினேன். எழும்பின நுரை கண் முன்னாலேயே உட்கார்ந்தது. அதே வெள்ளைத் துணுக்கு.

சிஸ்டர் குனிந்து இரண்டு கோப்பையையும் பார்த்தார். ஐயாவும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். உதட்டில் ஒழுகியதை நாக்கால் தொட்டார்.

"புளிக்குது" என்றார். "இது ஒறயுது புள்ள. ஸ்டோர்ல பாலுக்கு ஆசிட் ஊத்துனா இப்புடித்தான் ஒறயும். சோப்புல ஒன்னுமில்ல. தண்ணியப் பாரு."

கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தேன். மெந்தோல் வாசத்தில் இதுவரை தெரியாமல் இருந்தது இப்போது மூக்கில் குத்தியது. அந்தக் கேன் பாதியாக இருந்தது. மீதிப் பாதியைச் சுனில் காலையில் கஞ்சிப் பானைக்குள் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன்.

சிஸ்டருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. "ஓடு" என்றார்.

ஓடினேன். சாப்பாட்டு அறையில் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுனில் தட்டத்தில் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்து, முதல் கோப்பையைச் சைமன் தாத்தா முன்னால் வைத்துவிட்டு நிற்கிறான். பின்னால் பாக்கியம் அக்கா, தேங்காய்ப் பால் திரிந்துபோச்சு, அழுகின தேங்காயைக் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டு நிற்கிறார். அத்தனை பேர் இருந்த அறையில் நான் அதற்கு முன்பு வாய் திறந்ததில்லை.

"குடுக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "யாரும் வாயில வைக்காதீங்க. தண்ணி ஆசிட் தண்ணி."

யாரும் வாயில் வைத்திருக்கவில்லை. சைமன் தாத்தா மட்டும் கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார். சுனிலின் கையில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபட்டன. தட்டத்தை அவனிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடிப்பது ஸ்டோரில் வாங்கிய ஆசிட் கேனில்தான். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாம்பல் போட்டுக் கழுவின கேனைக் கவிழ்த்து வைப்பார்கள். கழுவாததை நிமிர்த்தி வைப்பார்கள். சின்னப் பிள்ளைகூட கவிழ்த்ததைத்தான் எடுக்கும். அன்று காற்றும் மழையும் ஸ்டோர் வாசலில் இருந்த கேன்களையெல்லாம் உருட்டிப் போட்டிருந்தன. "அக்கே, எல்லாம் படுத்துக் கெடந்துச்சு. மழை அடிச்சதுல எல்லாம் கழுவுனது மாதிரிதான் இருந்துச்சு" என்றான் சுனில். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது சிஸ்டர் வராந்தாவின் வெளியே, கூரைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே நின்று, மழைத் தண்ணீரில் துவாயை நனைத்து நனைத்து ஐயாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைத்துணி முழுக்க நனைந்திருந்தது. ஐயாவின் இடது கன்னம் செக்கச் சிவந்திருந்தது. தோல் புண்படவில்லை, ஆனால் முன்பைவிட மெலிந்துபோன மாதிரி இருந்தது.

"மீதிய இன்னொரு நாளைக்குப் பார்ப்போமா ஐயா?" என்றார் சிஸ்டர்.

"பாதி மொகத்தோட எவனுங்க சாப்புடுவான்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து, முதலில் ஓடுகிற அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீர் பிடித்தேன். இரண்டு கோப்பையையும் பிரஷ்ஷையும் கழுவினேன். சீவுகிற தட்டை எடுத்தேன்.

"எந்தச் சோப்பு?" என்று கேட்டார் சிஸ்டர்.

கண் இமைக்கவில்லை. ஒற்றைச் சோப்பு என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒற்றைக் குச்சிச் சோப்பு பாதியில் காய்ந்துவிடும். அந்தத் தோலில் இரண்டாம் தடவை நுரை போட முடியாது.

"கூட்டுதாங்க" என்றேன். "அதேதான்."

சிஸ்டர் ஐயாவின் பின்னால் போய் நின்று, தலையைப் பிடித்துக்கொண்டார்.

மழைத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பிரஷ் நாலு சுற்று சுற்றவில்லை, கோப்பை நிறைந்துவிட்டது. அதை இன்னும் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து மெலிதாக்கினேன். கன்னத்தில் தடவினபோது கண்ணாடி மாதிரி நின்றது. அடியில் மூன்று மருவும் தெரிந்தன. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அடங்கவில்லை.

கன்னம் சுலபமாக முடிந்தது. பிறகு தாடைக்குக் கீழே. இடது கை விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, மரு பக்கத்துத் தோலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்படி செய்தேன். மருவை நோக்கி இழுக்கக் கூடாது, அதிலிருந்து விலகித்தான் இழுக்க வேண்டும். ஒரு மரு. சுற்றி நாலு இழுப்பு. பிளேட்டைக் கழுவினேன். இரண்டாவது. ஐயா விழுங்கப் பார்த்தார். கையைத் தூக்கிவிட்டு, அவர் விழுங்கி முடிக்கும்வரை நின்றேன். மூன்றாவது, மெஷின் கவ்வின மரு. அதன் பக்கத்தில் தோல் இன்னும் ஊதா நிறமாக இருந்தது. கடைசி இழுப்பு முடிந்து நுரையைத் துடைத்தேன்.

மருவின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி எழும்பியது.

குண்டூசித் தலை அளவுதான். ஆனால் அது பெரிதாகிக்கொண்டு வந்தது. சிஸ்டர் முன்னால் வந்து, துணியை மடித்து, கட்டை விரலால் அதன் மேல் அழுத்தினார். மற்றக் கையால் செபமாலையை எடுத்து, அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். மாலையின் மணிகள் விரலில் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஐயா கண்ணை மூடிக்கொண்டு முருகா, முருகா என்று முணுமுணுத்தார். நான் சோப்புக் கையோடு நின்றேன். சாப்பாட்டு அறையில் இருந்தவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து வராந்தா ஓரத்தில் நின்றுவிட்டார்கள்.

மாலையில் பத்து மணிகள் முடிந்தும் சிஸ்டர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு பத்து சொன்னார். பிறகு துணியை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கினார். புள்ளி காய்ந்து கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றோம். அது அப்படியே இருந்தது.

சிஸ்டர் புறங்கையை ஐயாவின் வலது கன்னத்தில் வைத்துத் தடவினார். பிறகு இடது கன்னத்தில், மருவுக்கு மேலே வரைக்கும். "ஹரி" என்றார்.

ஐயா கண்ணாடியை வாங்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சாப்புட என்னா இருக்கு?" என்று கேட்டார்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். கஞ்சி முழுவதும் கொல்லைக்குப் போய்விட்டது. மற்றக் கேன்களில் எது நல்லது என்று தெரியாமல் அடுப்பில் எதையும் வைக்க முடியாமல் இருந்தார்கள்.

"நீங்க ஒன்னு சொல்லணும்" என்றார் ஐயா சிஸ்டரிடம். "இத்தன நாளா சாப்புடு சாப்புடுன்னீங்க. இப்பத்தான் பசிக்குது. இப்ப இல்லங்கிறீங்க."

முதலில் சிரித்தது சைமன் தாத்தா. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. என்னிடம் பிரஷ்ஷையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வரிசையாக நின்ற ஒவ்வொரு நீலக் கேனிலிருந்தும் ஒரு கரண்டி தண்ணீர் எடுத்து, அதில் கூட்டைப் போட்டு நுரைத்துக் காட்ட வேண்டும். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் கேனிலும் நுரை நின்றது. அதற்குப் பிறகுதான் அடுப்பு பற்றவைத்தார்கள். அதுவரைக்கும் ஐயா, கழுவின கேத்தலில் மழைத் தண்ணீரைச் சூடாக்கிப் போட்ட தேத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்து நனைத்து, ஒரு பாக்கெட்டை முடித்தார்.

கூட்டைப் பற்றிச் சிஸ்டர் அன்றும் அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கையில் தடவிப் பார்க்கும் ஏற்பாட்டை மட்டும் நான் ஓய்வு பெறும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் குழாய் பொருத்தித் தண்ணீர் விட்டார்கள். சேறாக வந்தபடியால் யாருக்கும் சவரம் செய்யவில்லை. வேலாயுதம் ஐயா சவரம் இல்லாமலே காலையில் இரண்டு துண்டு பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்.